உதிலை போட்டு வாறன்

என் கணவர் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் செய்திகளைத் திருத்துகிறவர். யுத்தத்தில் பொருள்களுக்குத் தடை போட்டிருந்த காலத்தில் அச்சுத்தாள் வராமல் கோடு போட்ட கொப்பித்தாளில் பத்திரிகை அடித்தார்கள். இடம் காணாது. வேண்டாத சொல் ஒன்றுகூட அவர் கையில் தப்பாது. அந்தக் குணத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். "பக்கத்திலை ஷெல் விழுந்ததாம்" என்று நான் சொன்னால், "ஆரின்ரை பக்கத்திலை? உரும்பிராய்ச் சந்தியிலையோ, அங்காலையோ?" என்பார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். செத்த சனத்துக்கு ஊர் பெயராவது சரியாகக் கிடைக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: "இஞ்சாரும், உதிலை போட்டு வாறன்."

உதிலை என்றால் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. கூப்பிடு தூரம். போட்டு வாறன் என்றால் போய்விட்டு வருகிறேன். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை. நானும் "ஓம்" என்றுவிட்டுத் தேத்தண்ணீரை மூடிவைத்தேன். அவர் வரவில்லை.

ஆஸ்பத்திரியிலும் தேடி முடிந்த பிறகு, காணவில்லை என்று அறிவித்தல் போட அவருடைய பத்திரிகைக்கே போனேன். அவர் மேசையில், அவர் கதிரையில் இன்னொருவர் இருந்தார்.

"எங்கை போறனெண்டு சொன்னவர், அக்கா?"

"உதிலை எண்டவர்."

"உதை அச்சிலை போடேலாது. மருதனார்மடம் பக்கமோ, கோப்பாய்ப் பக்கமோ?"

தெரிந்தால் நான் ஏன் அங்கே நிற்கிறேன்? இரண்டு பக்கமும் அலைந்து கால் வீங்கியிருந்தது. கோபத்தில் பேனையை வாங்கி நானே எழுதினேன்: "உதிலை போட்டு வாறன் என்று சொல்லிச் சென்றவர்." சட்டைக்கு வெறுமனே நீலம் என்று எழுத மனம் வரவில்லை. எந்த நீலம் என்று என் கணவர் கேட்டிருப்பார். வெளிறிய நீலம், இடது தோளில் கிழிசல் தைத்தது என்று எழுதினேன். தைத்தது நான்தான்.

அடுத்தநாள் அறிவித்தல் வந்தது. "வெளியே சென்றவர் வீடு திரும்பவில்லை." அதில் சைக்கிள் இருந்தது, சட்டை இருந்தது, தோளில் தையலும் இருந்தது. "வாறன்" மட்டும் இல்லை.

அதைப் படித்துவிட்டுத் தகவல் சொல்ல ஒருவரும் எங்கள் வாசல் படலைக்கு வரவில்லை. இன்றுவரை இல்லை.

பத்திரிகைக்குச் சண்டை பிடிக்கப் போகலாமென்று ஒருமுறை சேலையும் மாற்றினேன். பிறகு இருந்துவிட்டேன். என்ன பிழை என்று சொல்வது? போனார் என்பது நடந்தது. வாறன் என்பது நடக்கவில்லை. எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த ஒரு சொல்தான். அந்தக் கதிரையில் அவரே இருந்திருந்தாலும் அதைத்தான் வெட்டியிருப்பார்.