வேலியோரத்து மிளகாய்

அந்தக் களைப் பூண்டை வெட்டினால் கையில் ஒட்டும் கசப்பு சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் போகாது. அந்தக் கையால் பிசைந்த சோறும் கசக்கும். போர் முடிந்து முகாமிலிருந்து எங்கள் ஊரான ஜெயபுரத்துக்குத் திரும்பிய வருடம், வீட்டைச் சுற்றிய எங்கள் வளவு முழுவதும் அதுதான் இடுப்பளவுக்கு நின்றது. கரட் கிழங்குக்கு இருப்பதுபோன்ற இலை, உப்புக் கல்லைத் தூவிவிட்டதுபோல வெள்ளைப் பூ. பெயர் தெரியாததால் நாங்கள் பிள்ளைகள் அதைக் "கரட் பூண்டு" என்போம்.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய தோட்டக்காரரின் மகன். பச்சை இலைகுழையை மண்ணுக்குள் புதைத்து உக்கவிடும் "குழை தாழ்த்தல்" இல்லாமல் மிளகாய் நடுவது அவருக்குப் பாவம் மாதிரி. ஆனால் குழை தந்த பூவரச வேலிகள் அழிந்து, கிணற்றடியில் ஒரே ஒரு பூவரசுதான் மிஞ்சியிருந்தது. அதன் குழை கிணற்றுப் பக்கத்துப் பாத்திகளுக்கு மட்டும்தான் போதுமாக இருந்தது. மற்றப் பாத்திகளுக்கு, வேலியோரம் நின்ற கரட் பூண்டைப் பூவோடு வெட்டிப் புதைத்துவிட்டு, "சும்மா கிடைச்ச பசளை" என்று, உரத்துக்குக் காசு மிஞ்சியதில் சந்தோஷப்பட்டார்.

கிணற்றுப் பக்கத்துக் கன்றுகள் கரும்பச்சையாகத் தழைத்தன. வேலிப் பக்கத்துக் கன்றுகள் நட்ட உயரத்திலேயே நின்று, மஞ்சளாகி, ஒவ்வொன்றாகச் செத்தன. அந்த வருடம் எங்களுக்கு வருமானமென்று இருந்தது அந்த மிளகாய் மட்டுமே.

வேலிக்கு அப்பால் தங்கம் மாமி வீடு. நாங்கள் வந்திறங்கிய அன்று கஞ்சி காய்ச்சி, ஆள் குனிந்து நுழையக்கூடிய வேலிப் "பொட்டு" வழியாகக் கொண்டுவந்து தந்தவர் அவர். அம்மா இப்போது அவர்மீது சந்தேகங்களை அடுக்கத் தொடங்கினார்: உடுப்புத் தோய்த்த தண்ணீரை இந்தப் பக்கம் ஊற்றுகிறாரோ, உப்புப் போட்டாரோ, இரண்டும் இல்லையென்றால் "கண்ணூறு".

"வேலிக்கரை மட்டும் சாகுதெண்டால் வேலிக்கு அங்காலதானே பாக்கோணும்."

"சும்மா இரும்" என்று அதட்டிய அப்பாவும் பின்னேரங்களில் மண்வெட்டியோடு வேலியடியிலேயே நின்றார்.

கதை மாமியின் காதுக்கும் போனது. பொட்டுக்குள் தலையை நீட்டி அம்மாவிடம், "நஞ்சு வைக்கிறதெண்டால் அண்டைக்குக் கஞ்சியிலை வைச்சிருப்பன், ராணி. மிளகாய்க்கு வைச்சு எனக்கென்ன வரப்போகுது?" என்றார். மறுநாள் காலை அம்மா பொட்டை முள்ளால் அடைத்தார்.

பல வருடங்களுக்குப் பிறகு, விவசாயம் படிக்கப்போன இடத்தில், அதே பூண்டை நறுக்கி ஊறவைத்த தண்ணீரை விதைகளுக்கு ஊற்றினோம். வெறும் தண்ணீர் ஊற்றியவை முளைத்தன; இவை முளைக்கவில்லை, முளைத்த ஒன்றிரண்டின் வேரும் கருகியிருந்தது. பாத்தீனியம் என்பது அதன் பெயர். இலையிலும் பூவிலும் வேரிலும் உள்ள இரசாயனங்கள் மண்ணில் கலந்து பக்கத்துப் பயிரை ஒடுக்கிவிடும். அப்பா எங்கள் பாத்திகளுக்குள் நஞ்சைத்தான் புதைத்திருக்கிறார்.

விடுமுறையில் வந்து அம்மாவிடம் விளக்கினேன். "சரி, பூண்டுதான் எண்டு வை. அதுக்கு அவா ஏன் எந்த நேரமும் எங்கட பக்கம் பாத்துக்கொண்டு நிண்டவா?" என்றார்.

நான் றோட்டால் சுற்றி மாமியிடம் போனேன். நான் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்:

"அப்ப என்ர மிளகாயும் அதாலைதானோ பிள்ளை? வேலிக்கரையிலை நிண்டதெல்லாம் செத்தது. நான் உன்ர அப்பாவைத்தான் நினைச்சனான். மண்வெட்டியும் கையுமா அதிலையே நிண்டவர்."

அவர் வளவிலும் அந்தப் பூண்டு நின்றிருக்கும். அதற்கு வேலி ஏது. திரும்பி வந்து சொன்னபோது அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அவா மிளகாய் வைச்சவாவோ? நான் காணேல்லையே."

இன்று அந்த இடத்தில் வேலி இல்லை, சீமெந்து மதில். இரண்டு வீட்டிலும் மிளகாய் கடையில்தான் வாங்குகிறோம். மாமி சொன்னதை நான் நம்பவே விரும்புகிறேன். ஆனால் பொட்டை அடைத்த பிறகு அவருடைய வளவில் என்ன நின்றது, என்ன செத்தது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை.