மனப்பாடம் செய்த மின்சாரம்

அரைபடும் உளுந்தின் பச்சை வாசனையும், பெல்ட் சூடேறும்போது கிளம்பும் ரப்பர் நாற்றமும் கலந்ததுதான் எங்கள் காலை. கோயம்புத்தூரில் ஒரு மில்லுக்குப் பின்னால் வரிசையாக ஒட்டிக் கட்டியிருந்த 'லைன் ஊடு' ஒன்றில், முன்னறையில் பாதியை ஒரு பெரிய கிரைண்டரே அடைத்துக்கொண்டிருக்க, அதில் மாவாட்டி விற்றுத்தான் அம்மா என்னை ஐந்தாம் வகுப்போடு தமிழ்ப் பள்ளியிலிருந்து எடுத்து இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருந்தாள்.

அங்கே எங்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் தந்திருந்தார்கள். குக்கர் ஏன் விசிலடிக்கிறது, ஃபிரிட்ஜ் எப்படிக் குளிர்கிறது என்று அன்றாட அறிவியலை எளிய ஆங்கிலத்தில் சொல்லித்தரும் புத்தகம். ஆண்டு விழாவில் ஒப்பிக்க எனக்கு வாய்த்த பாடம் வீட்டு மின்சாரம். ஒரு மாதம் உருப்போட்டேன். 'வெட் ஹேண்ட்ஸ்' என்பதில் வரும் 'வெட்' கிரைண்டருக்கு மட்டுமே உரிய பெயர் என்று நினைத்திருந்தேன். 'டிங்கிள்' என்ற சொல் மணியோசை போல இருந்ததால், அந்த வரி வரும்போதெல்லாம் சிரித்த முகமாகத் தலையை ஆட்டுவேன்.

அந்த நாட்களில், கிரைண்டரைத் தொட்டால் 'சுருசுருங்குது' என்று அம்மா அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாள். விழாவுக்கு முந்தின வாரம், ஈரக் கையோடு மாவை வழித்தபடியே நான் ஒப்பிப்பதைக் கேட்டவள், "கரண்டப் பத்தித்தான சொல்றே? அதுல என்ன சொல்லீருக்குது கண்ணு?" என்றாள். எனக்கு ஒரு வரிக்கும் பொருள் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்கம்மா" என்றேன். "அதுஞ் செரித்தான்" என்று சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

மேடையில் ஒரு சொல்லும் பிசகவில்லை. எவர்சில்வர் டம்ளர் ஒன்று பரிசாகக் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு காலையில் அம்மாவின் வலது கை கிரைண்டரோடு ஒட்டிக்கொண்டது. அவளால் கத்தக்கூட முடியவில்லை. பல் கிட்டிப்போய் உடம்பு மட்டும் அதிர்ந்தது. நான் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுக்க, என்னையும் தூக்கிச் சுவரில் அடித்தது. என் அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு ஜமீலாக்கா அம்மாவைத் தொடவே இல்லை. வாசலில் இருந்த மீட்டர் பலகைக்குத் தாவி 'பீஸ் கட்டை'யைப் பிடுங்கினார். கிரைண்டர் நின்றது, அம்மா சரிந்தாள்.

அவளை மடியில் கிடத்திக்கொண்டு, "ஏம்புள்ள, கரண்டு புடிச்ச ஆளத் தொடலாமா? நீ மேடையில சொன்னதே அதத்தானாமா, எம்பட பையன் சொன்னான்" என்றார் ஜமீலாக்கா. பள்ளிக்கூடமே போகாதவர் அவர்.

உயிர் தப்பியது. ஆனால் சுட்டுவிரலும் நடுவிரலும் உணர்ச்சியற்றுப்போயின. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வந்த பிறகு, பள்ளியில் அகராதியை எடுத்துவைத்துச் சொல் சொல்லாகப் படித்தேன். ஒரு சாதனத்தைத் தொட்டால் 'டிங்கிள்', அதாவது சுருசுரு என்றிருந்தால், உடனே அதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும் என்றது, நான் தலையாட்டிச் சிரித்த அந்த வரி.

இப்போது அந்த மில்லும் இல்லை, லைன் வீடுகளும் இல்லை. அங்கே ஒரு கார் ஷோரூம் நிற்கிறது. ஜமீலாக்காவின் குடும்பம் குனியமுத்தூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அம்மா என்னோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். தோசைக்கல்லின் சூடு விரலில் உறைக்காததால் இடது கையால்தான் சமையல். சென்ற மாதம், எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்ட பிறகு, அன்று எனக்கே அர்த்தம் தெரியாமல்தான் 'உங்களுக்குப் புரியாது' என்றேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். மன்னித்தேன் என்பாள், இல்லையேல் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எனக்கும் தெரியலீங்கம்மானு ஒரு வார்த்த சொல்லீருந்தீன்னா, ஆருகிட்டயாச்சும் கேட்டு மிசினை நிறுத்திப்போட்டிருப்பனே கண்ணு" என்றாள். அதில் கோபம் இல்லை. அப்படி நடந்திருக்கும் என்பதைத்தான் சொன்னாள்.