இங்கிலாந்துப் பெட்டியும் வெட்டாத காசும்

ஒரு மனிதரைத் திருடன் என்று முடிவு கட்டிவிட்டு, அம்மன் கோயிலில் காசு வெட்டிப் போடக் கிளம்பியவன் நான். ‘ஏமாற்றியவனை நீயே கேள் தாயே’ என்று காசை இரண்டாக வெட்டிப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

அந்த மனிதர் தேனியில் பழைய ரேடியோ, ஆம்ப்ளிபயர் எல்லாம் சரிசெய்பவர். நான் அவரிடம் கொடுத்தது ஒரு ஜோடி ஸ்பீக்கர். இங்கிலாந்தில் செய்தவை, இடுப்பு உயரம், தேக்கு நிறப் பெட்டி. குமுளிக்கு மேலே ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது, திராட்சை விற்ற பணத்தில் வாங்கி ஓடைப்பட்டிக்குக் கொண்டுவந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் அதில் அம்மன் பாட்டுப் போட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் மற்ற வேலை. நாளாக ஆகக் காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. நான்கு மாதம் வைத்திருந்து சரிசெய்து கொடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் சத்தம் வேறாக இருந்தது. தவில் அடி முன்பு பொதபொதவென்று நெஞ்சில் விழும். இப்போது நறுக்கென்று அடித்துவிட்டு நின்றது. என் மச்சினன் ஒரு பாட்டு முடிவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

“மாமா, ஒரிஜினலை உருவிக்கிட்டு லோக்கலை மாட்டி விட்டுட்டான். நாலு மாசம் எதுக்கு வச்சிருந்தான்னு நெனைக்கிறீக?”

மறுநாளே தேனிக்குப் போய்க் கடை வாசலில் நின்று சத்தம் போட்டேன். “உள்ளதைச் சொல்லிரு. இல்லேன்னா காசு வெட்டிப் போட்டுருவேன்!”

அவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். “வெட்டுங்கண்ணே. அதுக்கு முன்னாடி வெவரம் தெரிஞ்ச ஆளை வச்சுத் தெறந்து பாத்துருங்க. எனக்கும் பிள்ளைக இருக்கு.”

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுக் காசை வேட்டியில் முடிந்துகொண்டு கிளம்பினேன். மனைவி வாசலில் மறித்துக்கொண்டாள்.

“தப்புப் பண்ணாதவுக மேல வெட்டுனா அது எங்கன வந்து விழும்னு தெரியுமுல்ல? நம்ம பிள்ளைக தலையிலதான். அந்த ஆளு சொன்னாப்புல மொதல்ல தெறந்து பாருங்க.”

காசை அவிழ்த்துச் சாமி மாடத்தில் வைத்தேன்.

கோட்டயம் பக்கம் இதுபோன்ற ஸ்பீக்கர்களை வாங்கி விற்கும் ஒருவரை, எனக்குப் பழக்கமான ஏலக்காய் வியாபாரி சொல்லி வரவழைத்தார். கொடுப்பதாக இருந்தால் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லித்தான் அவர் வந்தார். வாங்க வருகிறவர் இருக்கிற குறையையெல்லாம் சொல்லிவிடுவார். எனக்கு வேண்டியதும் அதுதான்.

பாட்டே போடவில்லை. முதலில் ஸ்குரூவைக் கழற்றினார். அந்த நேரத்தில் எனக்கு என்ன வேண்டிக்கொள்வதென்றே தெரியவில்லை. லோக்கலாக இருந்தால் என் பொருள் போச்சு. ஒரிஜினலாக இருந்தால் நான் பாவி. வாய் மட்டும் ‘தாயே, தாயே’ என்றது.

அவர் கூம்பும் காந்தமும் சேர்ந்த யூனிட்டை வெளியே எடுத்து, காந்தத்தின் பின்பக்கம் டார்ச் அடித்தார். இன்னொன்றையும் கழற்றிப் பார்த்தார். கம்பெனி முத்திரை இருந்தது. இரண்டிலும் அடுத்தடுத்த எண்.

“ஒரிஜினல் தன்னே, சேட்டா. பழைய ஃபோமைப் பேப்பர் கிழியாம சொரண்டி எடுத்திருக்காரு. அதுக்கே நாள்கணக்காகும். சரியான அளவுல வளையம் கிடைக்கவும் காத்திருக்கணும். லோக்கல் யூனிட்டை மாட்டறதுன்னா அரை நாள் வேலைதான்.”

“அப்ப சத்தம் ஏன் மாறிப்போச்சு?”

“மாறலை. இப்பத்தான் சரியாச்சு. இத்தனை வருஷம் நீங்க கேட்டது ஃபோம் கிழிஞ்ச சத்தம்.”

மச்சினன் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று எழுந்து போய்விட்டான்.

பிறகு அவர் பெட்டியின் முகப்பைத் தடவிப் பார்த்தார். பெட்டிக்கு மூன்றாகச் சிவந்த கறைகள். “இதுக்கு மட்டும் விலை குறையும். யாரு பண்ணது?”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆயுத பூஜை தோறும் சந்தனமும் குங்குமமும் குழைத்து நான் வைத்த பொட்டு, மரத்துக்குள் இறங்கியிருந்தது. அதைத் தேய்த்தால் மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய மரத்தாள் போய்விடுமாம். தேனிக்காரர் அதனால்தான் தொடாமல் விட்டிருக்கிறார். ஆக, அந்த ஸ்பீக்கருக்குச் சேதம் செய்த ஒரே ஆள் நான்.

கறையைக் கழித்தும் அவர் சொன்ன விலை நான் நினைத்ததைப் போல மூன்று மடங்கு. கொடுக்க மனம் வரவில்லை. சாப்பாடு போட்டு அனுப்பினோம்.

அன்று மத்தியானமே தேனிக்குப் போனேன். கடை வாசலில், முன்பு நின்ற அதே இடத்தில் நின்றேன்.

“தெறந்து பாத்தாச்சுப்பா. தப்பு என் மேலதான். மன்னிச்சுரு.”

அவர் நிமிர்ந்தார். “காசு வெட்டலையேண்ணே?”

“வெட்டல. வீட்ல விடல.”

“மதினி நல்லா இருக்கணும்.” எதிரே கை காட்டினார். “இப்பச் சொன்னதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கண்ணே. அன்னைக்கு நீங்க பேசுனது அந்த டீக்கடை வரைக்கும் கேட்டுச்சு. இது கேக்கல.”

திரும்பி நின்று, தெருவுக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னேன். சொல்லும்போது வெட்கமாகத்தான் இருந்தது. டீக்கடைக்காரர் இரண்டு டீயை அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

பத்து நாளாகச் சரியான தூக்கமில்லை. திரும்பும்போது பஸ் வீரபாண்டி தாண்டுவதற்குள் கண் செருகிவிட்டது. நான் இறங்க வேண்டிய சின்னமனூரில் கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.