ஏலத்துக்கு ஒரு பல்செட்

பல்செட் கட்டும் தொழிலில் பல்லைவிட, பல் இல்லாதவரிடம்தான் பாடு அதிகம். வாடிக்கையாளரோடு மாரடிக்கும் அன்பர்களே, என் கதையையும் கேளுங்கள். திண்டிவனத்தில் கிளினிக் வைத்திருக்கிறேன். மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து வந்தார் அஞ்சலை. கரையில் மீன் ஏலம் கூவுகிறவர். பல் எல்லாம் ஆட்டம் கண்டு, கூவினால் பாதி காற்றாகப் போனது. ஏலம் கூவும் இடத்தைப் பிடிக்க அவருடைய நாத்தனார் தயாராக இருந்தார்.

ஈறு ஆறட்டும்

ஆடிய பற்களை எல்லாம் எடுத்தேன். ஈறு ஆறி அளவெடுக்க இரண்டு மாதம் ஆகும் என்றேன். அதுவரை நாத்தனார்தான் கூவுவார் என்று தெரிந்ததும் அஞ்சலையின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் சங்கடம்தான். அதற்காக வாரா வாரம் பஸ் ஏறி வந்து, வாயைத் திறந்து காட்டி, என் உயிரை எடுக்க வேண்டுமா? ஒருநாள் கத்தியே விட்டேன்.

"புடிச்ச மீனு ரெண்டு மாசம் கரையில காத்துக்கினு இருக்குமா டாக்டரம்மா?"

மெழுகுப் பல்

அசல் செட் செய்யும் முன், மெழுகில் பல் பதித்து வாயில் வைத்துப் பார்ப்போம். "இது மெழுகு, கடிக்காதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். கை கழுவித் திரும்பினால் நாற்காலி காலி! எதிர் டீக்கடையில், கண்ணாடி முன்னால் நின்று சுடச்சுட டீ குடித்துக்கொண்டிருந்தார். முன்பல் இரண்டும் இடம் மாறியிருந்தன. மறுபடி விழுப்புரம் லேபுக்கு அனுப்ப வேண்டும். தலையில் அடித்துக்கொண்டேன்.

"மெழுகுன்னு சொன்னீங்க, சரி. ஆத்திக் குடின்னு சொன்னீங்களா?"

ஒத்திகை

அசல் செட் வந்தது. மெதுவாகப் பேசிப் பழகுங்கள் என்றேன். அவர் என்றைக்கு மெதுவாகப் பேசினார்? "முந்நூறு, முந்நூறு, முந்நூத்தம்பது!" என்று ஒரே மூச்சில் கூவ, கீழ் செட் எகிறி என் மடியில் விழுந்தது. வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார்.

"எந்தக் கொம்பனும் என் கொரலுக்கு முன்னாடி நிக்க மாட்டான், உங்க பல்லு எப்டிம்மா நிக்கும்?"

கரையில்

செட்டைச் சரிசெய்து அனுப்பியும் மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்கே போனேன். வஞ்சிரக் கூடையைச் சுற்றிக் கூட்டம், நடுவில் அஞ்சலை. செட் அசையவில்லை. குரல் கடைசிப் படகு வரை கேட்டது. நாத்தனார் ஓரமாகக் கூடை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஏலம் முடிந்ததும் வீட்டுக்கு அழைத்துப் போய், சோறும் வஞ்சிரக் குழம்பும் போட்டார். தானும் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடினார். "சாப்பிடத்தானே பல்லு!" என்று அலறினேன்.

"சோறு துன்ன ஈறு போதும் டாக்டரம்மா. பல்லு ஏலத்துக்கு."

மெல்லுவதற்கென்று நான் பாடுபட்டுக் கட்டிய பற்கள் இன்று கூவிப் பிழைக்கின்றன. மெல்லும் வேலை, பாவம், ஈறு தலையில் விழுந்துவிட்டது.