பண்டேரா மலைக்குச் சென்ற கழிப்பறை

மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை காலை, டெக்சாஸில் ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டிலிருந்து புறப்பட்டோம். சென்ற இடம் மலையுமல்ல, கடலுமல்ல. முப்பத்தைந்து மைல் தொலைவில், கேட்டி ஊரை ஒட்டிய ஃப்ரீவே ஓரத்தில் முகாம் சாமான்கள் விற்கும் கடை. வாங்கப்போன பொருள் ஒரு கழிப்பறை. பயணக் கட்டுரையை இங்கிருந்தா தொடங்குவது என்று முகம் சுளிப்போருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அருவியைப் பற்றி எழுதினோம், கோபுரத்தைப் பற்றி எழுதினோம். அவற்றைக் காணப் போகும் வழியெல்லாம் நம் வீட்டுப் பெண்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பற்றி எழுதவில்லை. அந்த இடத்திலிருந்துதான் நான் தொடங்குகிறேன்.

எங்கள் கூட்டம் நால்வர். கயல் அக்கா என் பெரியம்மா மகள், பல் மருத்துவர். பக்கத்து ஊர் லாயத்தில் டெய்சி என்ற பழுப்புக் குதிரையை வைத்திருக்கிறார். அவர் கணவர் முரளி அத்தான், வார நாட்களில் கணினி, வார இறுதியில் குதிரைச் சாணம் என்று வாழ்பவர். குதிரையை ஏற்றிச் செல்லும் ட்ரெய்லரை அவர்தான் தம் பிக்கப் வண்டியில் பூட்டி ஓட்டுவார். டெய்சியை இறக்கிக் கட்டிவிட்டுத் தளத்தைக் கழுவினால், அதே ட்ரெய்லர் இரவில் படுக்கையறை ஆகிவிடும். முன்பக்கத்தில் சேணமும் கடிவாளமும் வைக்க ஓர் ஆள் நிற்கும் அளவுக்குத் தனியறை உண்டு. ஹூஸ்டனில் முதுகலை படிக்கும் நான், மதி, பாளையங்கோட்டைக் கல்லூரி மேடைகளில் நடுவர் மணியடித்தாலும் பேச்சை நிறுத்தாதவள் என்று பெயரெடுத்தவள். நான்காமவர் பெரியம்மா. அவருக்காகத்தான் இவ்வளவும்.

பெரியம்மா ஆறு மாதம் தங்க வந்திருந்தார். அடுத்த மாதம் ஊர் திரும்புகிறார். மகள் மலைப்பாதையில் குதிரையேறிப் போவதை ஒரு முறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. தடையாக நின்றது அவருடைய பழக்கம்: வண்டியில் ஏறுவதென்றால் முந்தின இரவே தண்ணீரை நிறுத்திவிடுவார். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு அப்படியே போய்ப் பழகிய உடம்பு. சென்ற முறை இங்கு வந்தபோது டாலஸ் வரை அதே விரதத்தோடு போனார். திரும்பிய இரண்டாம் நாள் சிறுநீரகக் கல், அவசர சிகிச்சை. மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், தவறினால் மறுபடியும் இங்கேதான் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார்.

பண்டேரா குன்றுகளில் நாங்கள் தங்கவிருந்த குதிரை முகாமில் பொதுக் கழிப்பறை உண்டு. ஆனால் கால் மைல் சரளைக்கல் ஏற்றத்தில். பெரியம்மாவின் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

"அம்மாவ கூட்டிட்டுப் போற ரிஸ்க் எனக்கு வேண்டாம்," என்றார் அக்கா.

"நான் வரல. வீட்ல சீரியலப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். நீங்க போய்ட்டு வாங்க," என்றார் பெரியம்மா.

பெரியம்மா வருவார், வந்து தண்ணீரும் குடிப்பார் என்று நான் அறிவித்தேன். மேடையில் அறிவித்துவிட்டால் நிரூபித்தாக வேண்டும்.

கடையில் மூன்று வகை கழிப்பறைகள் இருந்தன. முதலாவது, மடக்கு நாற்காலியில் மாட்டும் பை. உள்ளே ஒரு பொடியைத் தூவினால் எல்லாம் கூழாக இறுகிவிடும். எண்பது டாலர். இரண்டாவது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டிய இரு பெட்டிகள். மேலே அலசும் நீர், கீழே கழிவு, நடுவில் இழுத்து மூடும் அடைப்பு. நூற்று அறுபது டாலர். வாசனைக்கு ஊற்றும் நீலத் திரவம் தனி. மூன்றாவது, சிறுநீரையும் மலத்தையும் பிரித்து உலர்த்தி உரமாக்கும் வகை. அதன் விலை ஆயிரத்தைத் தாண்டியதும் அத்தான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"பைதான் பெஸ்ட் மதி. யூஸ் பண்ணு, கட்டு, தூக்கிப் போடு. வெயிட்டே இல்ல," என்றார் அத்தான்.

"கட்டின பைய எங்க போடுவீங்க அத்தான்? மூணு நாள் ட்ரெய்லர்லயே வச்சிருப்பீங்களா? டெய்சிக்கும் மூக்குன்னு ஒண்ணு இருக்கு."

"மைக் இல்லாமலே உனக்கு இவ்ளோ சவுண்டா?"

"மைக் இருந்தா இந்நேரம் கடையில உங்களத் தவிர யாரும் இருக்க மாட்டாங்க."

பெரியம்மா எங்களுக்கு எந்த உறவும் இல்லாதவர் போல விளக்குகள் அடுக்கிய அலமாரி ஓரம் நின்றிருந்தார். உட்கார்ந்து பார்த்தால்தான் உயரம் தெரியும் என்று அக்கா இழுத்து வந்தார். பை வகை மிகவும் தாழ்வு. உட்கார்ந்த பெரியம்மாவால் எழ முடியவில்லை. அத்தான் கை நீட்டினார். மாப்பிள்ளையின் கையைப் பிடிப்பதாவது. பெரியம்மா அலமாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டாம் வகைக்குப் பதினாறு அங்குல உயரம். மூடியின் மேல், கைப்பையை மடியில் வைத்து, வங்கியில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர் போல உட்கார்ந்தார். ஒரே மூச்சில் எழுந்தார். வாதம் அத்துடன் முடிந்தது.

விற்பனையாளர் பொறுமைசாலி. எத்தனை பேர் என்றார். நால்வர். எத்தனை நாள்? மூன்று. ஐந்து கேலன், அதாவது பத்தொன்பது லிட்டர், தொட்டி தாராளமாகப் போதும் என்றார். அத்தான் எடையைக் கேட்டார். அக்கா வாசனையைக் கேட்டார். ஓட்டத்தில் சாயாமல் தரையோடு பூட்ட முடியுமா என்று நான் கேட்டேன். வேறு ஏதாவது தெரிய வேண்டுமா என்றார் அவர். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இல்லை என்றோம்.

இரு வாரங்கள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, பேர்லேண்டில் இருக்கும் மீனாட்சி கோயில் பக்கமாகச் சுற்றிக்கொண்டு கிளம்பினோம். பண்டேரா அங்கிருந்து இருநூற்றைம்பது மைல். தனிக் காரென்றால் நான்கு மணி நேரம். பின்னால் குதிரை நின்றால் ஆறு. ஐ-10 சாலையின் இரு மருங்கிலும் நீலப் பூக்கள் மண்டிக் கிடந்தன. இரண்டு மணி நேரத்துக்கொரு முறை அத்தான் வண்டியை ஓரங்கட்டி, "டெய்சிக்குத் தண்ணி காட்டணும்," என்பார். டெய்சி குடிக்கும் நேரத்தில் பெரியம்மா முன்னறைக்குள் போய் வருவார். கதவருகே அக்கா காவல். யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. குதிரையின் பெயரால் எல்லாம் நடந்தது. லூலிங் ஊரைத் தாண்டும்போது பெரியம்மா தாமாகவே பாட்டிலைத் திறந்தார். நான் கண்ணாடியில் பார்த்தேன்; அரை பாட்டில் இறங்கியது. கோப்பை வாங்கிய மேடைகளில்கூட இவ்வளவு நிறைவு எனக்கு இருந்ததில்லை.

முகாம் அடைந்தபோது மணி இரண்டு. சுண்ணாம்புக் கல் குன்றுகள், அவற்றின் மேல் கருவாலி, ஜூனிப்பர் மரங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் இரும்புக் கம்பியடைப்பில் ஒரு கொட்டில். டெய்சியை அதில் விட்டுவிட்டு ட்ரெய்லரைக் கழுவிப் பெரியம்மாவுக்கும் அக்காவுக்கும் கட்டில் போட்டோம். எனக்குக் கூடாரம், அத்தானுக்குப் பிக்கப்பின் பின்னிருக்கை. இரவுச் சாப்பாட்டுக்குப் புளிசாதமும் சிப்ஸும்.

சனிக்கிழமை காலை தொட்டியின் அளவுகாட்டி சிவப்பாகியிருந்தது. மூன்று நாளுக்கான தொட்டி ஒரே நாளில் நிறைந்துவிட்டது. பழுதோ என்று அத்தான் தட்டிப் பார்த்தார். மூடியைக் கழற்றி மோந்து பார்க்கவும் தயாரானார். காரணம் முன்னறைத் தரையிலேயே இருந்தது. ஒரு பிளாஸ்டிக் மக்.

கடைக்காரர் கணக்கிட்டது காகிதத்தால் துடைப்பவர்களுக்கு. நாங்களோ முறைக்கு ஒரு மக் தண்ணீர் ஊற்றுகிறவர்கள். நான்கு பேர், ஆளுக்கு ஐந்தாறு முறை. ஐந்து கேலன் எங்கே போதும்? வீட்டில் யோசிக்காமல் செய்யும் காரியம் என்பதால் கடையில் யோசிக்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், மாப்பிள்ளையையும் மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை யார் வாய்விட்டுச் சொல்லியிருப்பார்கள்? கூழாக்கும் பொடியும் உரமாக்கும் பெட்டியும் எங்கள் மக்கிடம் இன்னும் விரைவாகத் தோற்றிருக்கும் என்பது மட்டுமே ஆறுதல்.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது பெரியம்மா கொட்டில் பக்கம் போனார். பாட்டில் தண்ணீரை டெய்சியின் வாளியில் சரித்துவிட்டு, காலி பாட்டிலோடு வந்து உட்கார்ந்தார்.

"குடிச்சாச்சா பெரியம்மா?"

"குடிச்சிட்டேன்லா. பாரு, காலி."

"டெய்சி குடிச்சா உங்க கல்லு கரையாது."

அவர் காலி பாட்டிலின் மூடியைத் திருகினார். பிறகு தாழ்ந்த குரலில், "ஏளா, அது நெறஞ்சு போச்சு. இனி மாப்ளதான் தூக்கிட்டுப் போயி ஊத்தணும். அந்தக் கண்றாவிக்கு நான் வீட்லயே கெடந்திருப்பேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான? தாங்கிருவேன்," என்றார்.

அத்தான் காதில் விழுந்துவிட்டது. "அத்தை, நான் வாரா வாரம் குதிரைச் சாணி அள்ளுறவன். எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல."

"குதிரைக்கு நீங்க மாப்ள இல்லீங்களே."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் பேச்சாக அல்ல. பெண் விடுதலை குறித்து நான் பேசிய மேடைகள் பல. அவற்றில் எதற்கும் இருபது கிலோ எடை இருந்ததில்லை. கையுறை மாட்டிக்கொண்டு முன்னறைக்குள் போய்க் கீழ்ப்பெட்டியைக் கழற்றினேன்.

"அக்கா, அந்தப் பக்கம் பிடிங்க. அத்தான், சாவியக் குடுங்க. நீங்க இங்க இருந்து பெரியம்மாவுக்கு டீ போடுங்க."

"ட்ரக் ஓட்டத் தெரியுமா உனக்கு?" என்றார் அத்தான்.

"அக்காவுக்குத் தெரியும். எனக்கு வழி சொல்லத் தெரியும்."

"அது உலகத்துக்கே தெரியும்."

பண்டேரா ஊருக்குள் பன்னிரண்டு மைல். வழியில் ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டி குலுங்கியது. நாங்களும் மூச்சை அடக்கினோம். வீட்டு வண்டிகள் தங்கும் ஒரு வளாகத்தில், கழிவைக் கொட்டுவதற்கென்றே தரையில் மூடியிட்ட குழாய் உண்டு. கட்டணம் பதினைந்து டாலர். கொட்டி, அலசி, நீலத் திரவம் ஊற்றி மூடினோம். நான் எதிர்பார்த்த அருவருப்பில் பாதிகூட அதில் இல்லை என்பதை வாசகர்கள் நம்பலாம்.

ஆனால் இன்று கொட்டினால் நாளை மறுபடியும் நிறையும். தண்ணீரைக் கைவிடச் சொல்வதும் நடக்காது. திரும்பும் வழியில் குதிரைத் தீவனக் கடைமுன் வண்டியை நிறுத்தச் சொன்னேன். டெய்சியின் காலில் முன்பு புண் வந்தபோது, அக்கா ஒரு புட்டியை அமுக்கி, வளைந்த மூக்கின் வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியது நினைவிலிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் புண் முழுவதும் சுத்தமாகிவிடும்.

அக்கா அலமாரிமுன் நின்று யோசித்தார். "குதிரைக்கு வாங்குறத அம்மாகிட்ட எப்படிக் குடுக்கிறது?"

"லேபிளக் கிழிச்சிட்டுக் குடுப்போம்."

புட்டி ஒன்று ஆறு டாலர். ஆளுக்கொன்றாக நான்கு வாங்கினோம். பெரியம்மா தம் புட்டியைத் திருப்பிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார். எதிரே நின்ற அத்தான் சட்டையில் தண்ணீர் அடித்தது. "நல்ல விசையாத்தான் இருக்கு," என்றார். மக் அன்றே பிக்கப்பில் ஏற்றப்பட்டது. ஞாயிறு காலை தொட்டி பாதியைத் தொடவில்லை.

அந்தக் காலையில்தான் அக்கா குதிரையேறினார். எதிர்க்குன்றின் பாதை முகாமிலிருந்து முழுதாகத் தெரியும். போய்த் திரும்ப மூன்று மணி நேரம். வெயில் ஏறியும் பெரியம்மா நாற்காலியை நிழலுக்கு நகர்த்த விடவில்லை. மரங்களுக்குள் மறைந்த பழுப்புப் புள்ளி மீண்டும் உச்சியில் தோன்றி நின்றபோது, "அங்க நிக்கா பாரு. என்ன நிமிர்ந்து உக்காந்திருக்கா," என்றார். பல் மருத்துவப் பட்டமளிப்பின் புகைப்படத்தைக் காட்டும்போதுகூட அவர் குரலில் இந்தப் பெருமையை நான் கேட்டதில்லை. மூன்று மணி நேரத்தில் மூன்று டம்ளர் குடித்தார். இரண்டு முறை எழுந்து போனார். எவர் முகத்தையும் பார்த்துக் கேட்கவில்லை.

வாங்கப் போகும் வாசகர்களுக்கு என் தீர்ப்பு இது. உயரத்தை முழங்காலைக் கொண்டு அளந்து பாருங்கள். கடைக்காரர் எத்தனை பேர் என்று கேட்கும்போதே, நாங்கள் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள் என்று சொல்லிவிடுங்கள். அவர் அதிர மாட்டார், கணக்கை மாற்றிக்கொள்வார். முடிந்தால் கூடுதலாக ஒரு கீழ்ப்பெட்டி வாங்குங்கள். அதைத் தூக்கும் வேலையை ஆண்களுக்கு மட்டும் விட்டுவைக்காதீர்கள்.

பிற்பகல் ஒரு மணிக்கு முகாமை விட்டோம். சான் அன்டோனியோவில் டெய்சிக்குத் தண்ணீர் காட்டியாயிற்று. அடுத்த நிறுத்தத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பின்னிருக்கையில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியம்மா சன்னலைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். இப்படிப்பட்ட வேளைகளில் மகளின் காதில்தான் சொல்லுவார். மகள் கணவரிடம் வேறு ஏதேனும் காரணம் சொல்லி நிறுத்தச் சொல்லுவார். அக்கா முன்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்பலாமா என்று நான் கை நீட்டினேன். பெரியம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

"மாப்ள."

"சொல்லுங்க அத்தை."

"வண்டிய ஓரமா நிறுத்துங்க. நான் பின்னால போய்ட்டு வரணும்."

அத்தான் அடுத்த வெளிவழியில் இறங்கி, ஒரு பெட்ரோல் நிலையத்தின் பரந்த முற்றத்தில் நிறுத்தினார். கடையின் கழிப்பறை நேர் எதிரே, பளபளவென்று விளக்கோடு இருந்தது. பெரியம்மா அதைத் திரும்பிப் பார்க்காமல் ட்ரெய்லரை நோக்கி நடந்தார். காவலுக்கு நான் இறங்கப்போனபோது, வேண்டாம் என்று கையசைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அத்தான் எஞ்சினை அணைத்துவிட்டு, இருக்கையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார்.