தொண்ணூறு விநாடி

திரையில் ஒரே ஒரு வரி. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் தொண்ணூறு விநாடி பொறு, அதன்பிறகு எண்ணத் தொடங்கு என்று கணினிக்குச் சொல்லும் வரி. அதன் இடப்பக்கத்தில், சாம்பல் நிறச் சிறு எழுத்தில், எழுதியவர் பெயர் தெரிகிறது. அது என் பெயர். அந்த வரியை நான் எழுதவில்லை.

எழுதியவரை அலுவலகத்தில் அந்தியூர் அம்மணி என்போம். என் மேசைக்கு நேர் எதிரே அவர் மேசை. கணபதி பகுதியில், மோட்டார் பம்பு உதிரிபாகக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். நூற்பாலைகளுக்கு மென்பொருள் செய்கிறோம். எந்த இயந்திரத்தில் எத்தனை முறை நூல் அறுந்தது, அப்போது அங்கே நின்று வேலை பார்த்தவர் யார் என்று பதிவு செய்யும் மென்பொருள். அடிப்படை நிரல் எல்லா மில்லுக்கும் ஒன்றுதான். மில்லுக்கு மில் மாறுகிற விஷயங்களைத் தனித்தனி பேட்ச்களாக வைத்திருப்போம். எந்த வரியை நீக்கினோம், எதைச் சேர்த்தோம் என்பதை மட்டும் சொல்லும் சிறு கோப்புதான் பேட்ச். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக, வரிசை மாறாமல் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன் எழுதியவர் அல்லாத இன்னொருவர் வாசித்து, ‘பார்த்தேன், சரி’ என்று போட வேண்டும்; அதுதான் ரிவியூ. அவருடையதை நான் பார்த்தேன், என்னுடையதை அவர் பார்த்தார். நான்கு ஆண்டுகள் அப்படிப் போயின.

அதற்கு முன் நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன். நிருபர் கொண்டுவரும் செய்தியில் ஓரத்தில் கேள்விக்குறி போட்டே பழகிய கை. இங்கேயும் அதையே செய்தேன். இது ஏன், அது எங்கிருந்து வந்தது, இந்த எண்ணுக்கு ஆதாரம் என்ன. யாருடைய பேட்ச் மூன்று முறை திரும்பி வருகிறதோ அவர் அன்று மாலை முக்கு பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கித் தர வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. மூன்றாம் முறை என்னுடையதைத் திருப்பி அனுப்பிவிட்டுத் திரைக்கு மேலே தலையை நீட்டுவார். “ஏனுங்ணா, இன்னைக்குப் பன்னு நீங்கதானுங்க. போன தடவ மாதிரி ஆறிப்போனத வாங்கியாராதீங்க.”

அவருடைய பேட்ச்களில் நிரல் குறைவு, குறிப்பு அதிகம். ஒவ்வொன்றின் தலையிலும், இந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது, எந்த மில்லில் யார் சொன்னார்கள், வேறு எவற்றைச் செய்து பார்த்துச் சரிவரவில்லை என்றெல்லாம் எழுதியிருப்பார். ஆங்கிலத்தில் தொடங்கி, காரணம் வருகிற இடத்தில் தமிழுக்குத் தாவிவிடும் நடை. “பேட்ச்சா அம்மணி இது, கல்யாணப் பத்திரிகையா? மாமன் மச்சான் பேரெல்லாம் போட்டிருக்குது?” என்று எங்கள் முதலாளி கேட்பார். “பத்திரிகைல பேரு உட்டுப்போனா சண்டை வந்துருமுங்க சார்” என்பார் அவர்.

ஒரு ஆடி மாதம், பல்லடம் பக்கத்து மில் ஒன்றுக்காக ஏழு பேட்ச்கள் எழுதியிருந்தார். ஏழையும் நான் பார்த்து ‘சரி’ போட்டுவிட்டேன். ஆனால் அதற்குள் அடிப்படை நிரல் மாறியிருந்ததால் அவை நேராக ஏறவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, மோதுகிற இடங்களைச் சரிசெய்து ஏற்ற வேண்டியிருந்தது. அந்த வாரம்தான் அந்தியூரில் குதிரைச் சந்தை. அவர் வீடு நிறைய உறவினர்கள் வருவார்கள்; எந்த வேலை இருந்தாலும் அந்த வாரம் விடுப்பு. “ஒரு வாரம் அப்படியே இருக்கட்டுமுங்ணா. சந்தை முடிஞ்சு வந்து நானே ஏத்திப்போடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பொறுக்கவில்லை. மில் மேலாளர் இரண்டு முறை கூப்பிட்டார், முதலாளி ஒரு முறை என் மேசைக்கு வந்தார். காரணம் அவ்வளவுதான். ஏழையும் வரிசையாக ஏற்றப் பொறுமையில்லாமல், ஒன்றாக மடக்கி ஒரே பேட்ச் ஆக்கினேன். ஏழு குறிப்புகளையும் அழித்துவிட்டு, ‘மில்லுக்கான திருத்தங்கள்’ என்று இரண்டு சொல் எழுதினேன். யார் மடக்கினாரோ அவர் பெயரே எழுதியவர் பெயராக நிற்கும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. நாளிதழில் இருந்தபோது, இரண்டு நிருபர்களின் செய்தியை ஒன்றாகச் சேர்த்து ஒருவர் பெயரை வெட்டியதற்காக ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தவரை எனக்குத் தெரியும். அப்போது நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை வந்தவர் திரையில் என் பெயரைப் பார்த்தார். நான் சொல்லத் தொடங்கினேன். “பரவால்லைங்ணா. வேலை நடந்துருச்சில்லீங்க” என்றார். அன்று மாலை பன்னும் அவரே வாங்கித் தந்தார். அதற்குப் பிறகு எழுதிய பேட்ச்களில் குறிப்பு ஒற்றை வரிதான். வேலை முன்னைவிட வேகமாக நடந்தது. அதை நான் முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த ஆண்டு, வீட்டிலிருந்தே செய்யும் வேலை கிடைத்து அந்தியூருக்கே போய்விட்டார். பிறகு நாங்கள் அலுவலகத்தைச் சீரமைத்தபோது, ரிவியூக்கள் இருந்த பழைய சர்வரையும் கழற்றிவிட்டோம். அவர் குறிப்புகள் என்று எதுவும் மிஞ்சவில்லை.

இந்த ஆடி மாத நடுவில், புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு பேட்ச் அனுப்பினார். அந்தத் தொண்ணூறு விநாடி வரியை எடுத்துவிடும் பேட்ச். ‘காரணம் தெரியவில்லை, நூல் அறுந்த எண்ணிக்கை குறைவாக வருகிறது’ என்பது அவர் குறிப்பு. என் மேசைக்கே வந்து கேட்டார். “சார், இது நீங்க எழுதுனதுங்க. எதுக்குன்னு சொன்னீங்கன்னா வெச்சுக்கறேன். இல்லாட்டி எடுத்தர்லாமுங்களா? மில்லுல நச்சரிக்கறாங்க.” நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அம்மணியின் ஏழாவது பேட்ச் அது. நன்றாக நினைவிருக்கிறது. நிரல் ஒரு வரி, குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல். மதிய உணவுக்குப் போகும் அவசரத்தில் வரியைப் பார்த்தேன், குறிப்பைப் பார்க்கவில்லை. இப்போது எதை இழந்துவிட்டோம் என்று தேடுகிறேனோ, அது கையில் இருந்தபோது நான் வாசிக்கவே இல்லை.

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தியூர் அம்மணியின் எண்ணைக் கூப்பிட்டேன். இரண்டாம் மணியிலேயே எடுத்தார்.

“ஏனுங்ணா! நல்லாருக்கீங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?” இப்போது வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு ரிவியூ பார்க்கிறாராம். “மூஞ்சியே பாக்காத ஆளுங்களோட பேட்ச்சத் திருப்பி அனுப்பறேனுங்க. பன்னு வாங்கித் தரத்தான் ஆளில்ல.”

தொண்ணூறு விநாடியைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். “அத ரிவியூ பண்ணுனது நீங்கதானுங்ணா?”

“பண்ணினேன். படிக்கலீங்க.”

“தெரியுமுங்க.”

“எப்படி?”

“படிச்சிருந்தா ஒரு கேள்வியாச்சும் கேட்டிருப்பீங்க. நீங்க கேள்வி கேக்காம உட்டது அது ஒண்ணுதானுங்க.”

பிறகு சொன்னார். அந்த மில்லில் இரண்டு நாள் ஒரு இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றி, காலி பாபின்களைச் செருகி மறுபடி ஓட்டும்போது, முதல் ஒரு நிமிடத்துக்கு மேல் நூல் சடசடவென்று அறுகிறது. அது இயந்திரம் நிலைக்கு வருகிற நேரம். அங்கே வேலை செய்பவர் எதுவும் செய்ய முடியாது. ஆனால் மென்பொருள் அத்தனையையும் அவர் பெயரில் ஏற்றியது. மேற்பார்வையாளர் எண்ணிக்கை அச்சிட்ட காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே நின்ற பெண்ணைத் திட்டினார். “அந்தப் பிள்ளை அழுவக்கூட இல்லைங்ணா, கையி பாட்டுக்கு நூல ஒட்டிட்டே இருந்துச்சு. தான் பண்ணாதது தன் பேருல ஏறுதுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. அதான் தொண்ணூறு போட்டேன்.”

நீங்கள் ஏன் குறிப்பு எழுதுவதை நிறுத்தினீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அடுத்த வாரம் சந்தை, வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். அண்ணியையும் கூட்டிக்கொண்டு குதிரை பார்க்க வரச் சொன்னார்.

புதிய பெண்ணின் பேட்ச்சைக் காரணம் எழுதித் திருப்பி அனுப்பினேன். பிறகு நானே ஒரு பேட்ச் தயாரித்தேன். அந்த வரிக்கு மேலே நான்கு வரியில் விளக்கம், அவர் சொன்ன சொற்களில். எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர். அதைப் புதிய பெண்ணிடம் பார்க்கக் கொடுத்தேன். அரை மணியில் வந்தார்.

“சார், எழுதுனவங்கன்னு யாரோ பேர் இருக்குதுங்க. நம்ம ஆபீஸ்ல அப்படி யாருமில்லீங்களே?”

“இருந்தாங்க.”

“சரிங்க.” போகாமல் நின்றார். “இன்னொண்ணு கேக்கோணுமுங்க. இப்ப அந்த மில்லுல புது மிசின் வந்துருச்சே, அதுக்கும் தொண்ணூறேதானுங்களா? பத்தாதுன்னா?”

கேள்வியை அப்படியே அந்தியூருக்கு அனுப்பினேன். அனுப்பி நான்கு நாளாகிறது, பதில் இல்லை. அங்கே சந்தை கூடிவிட்டது. வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். மில்லிலிருந்து இன்று காலை மறுபடி கூப்பிட்டார்கள். நான் தயாரித்த பேட்ச்சை ஏற்றிவிடலாமா என்று புதிய பெண் கேட்டார்.

“சந்தை முடியட்டுமுங்க” என்றேன்.

அதுவரை திரையில் அந்த வரி என் பெயரிலேயே இருக்கும்.