எதிர்வரிசைக்கு விட்ட இடம்

பினாங்கில் தினமும் சாயங்காலம் எனக்கு மாலை மரியாதை நடக்கிறது. நான் கிதார் வாசிக்கும் ஹோட்டலில், நாங்கள் மேடை ஏறுமுன் ஒரு சீன வெயிட்டர் வந்து ஆளுக்கொரு காகிதப்பூ மாலையைக் கழுத்தில் போடுவார். வாசித்து இறங்கியதும் அதைக் கழற்றிக்கொண்டுபோய்ச் சமையலறைப் பக்கத்து ஆணியில் மாட்டிவிடுவார். மறுநாளும் அதே மாலை, அதே கழுத்து, கூடவே முந்தின நாள் மீன் வறுவலின் வாசனை. வந்த புதிதில் எனக்கு இந்த ஏற்பாடு தெரியாது. நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவன். கழுத்தில் மாலை விழப்போகிறது என்றால் உடம்பு தானாகக் குனியும், கை வாயைப் பொத்தும். அப்படியே குனிந்து வாங்கிக்கொண்டேன். வாசிப்பு முடிந்து அவர் கழற்ற வந்தபோது நான் விடவில்லை. பெருமாள் சன்னிதியில் கழுத்துக்கு வந்த மாலையை யாராவது திருப்பிக் கேட்பார்களா? அவர் இழுக்க, நான் பிடிக்க, நூல் அறுந்து பூக்களெல்லாம் சூப் கிண்ணங்களுக்கு நடுவே உருண்டன. “அது ஹோட்டல் சாமான், ரங்கா” என்று எங்கள் லீடர் மரியானோ காதோடு சொன்னார். அந்த வெயிட்டர் இன்றைக்கும் எனக்கு மாலை போட்டுவிட்டு ஒரு கணம் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார்.

மாலை எதற்கென்றால், நாங்கள் ஹவாய் பாண்டு. எங்களில் ஒருவரும் ஹவாய்த் தீவைக் கண்ணால் பார்த்ததில்லை. மரியானோ பிலிப்பைன்ஸ்காரர். மாதா கோயில் திருநாள்களில் அப்பா, சித்தப்பாக்களோடு தந்தி வாத்தியம் வாசிக்கத் தொடங்கி, பயணிகள் கப்பல்களில் நடனத்துக்கு வாசித்து, ஷாங்காயில் ஜாஸைக் கற்றுக்கொண்டு, கடைசியில் இங்கே கரையேறியவர். அகஸ்டின் மலாக்காவில் போர்ச்சுகீசிய வம்சத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. கல்யாண வீடுகளில் கிதார் அடித்து விரல் காய்த்தவர். ஊமைப்படம் ஓடிய காலத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து சண்டைக்கும் காதலுக்கும் வாசித்தார். பேசும் படம் வந்து அந்தப் பிழைப்பு போனதும் மலாய் நாடகக் கம்பெனியோடு ஊர் சுற்றி, ஜாவாக்காரர்களிடம் குரொஞ்சோங் என்ற பாட்டு வகையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது ஆள் நான். தோட்டத் துரைமார்கள் முள்கரண்டியைக் கையில் எடுத்ததும் மூவரும் ஹவாய்க்காரர்கள் ஆகிவிடுவோம். நம் ஊர்க் கச்சேரியில் யாரும் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார மாட்டார்கள் என்று சொன்னால் மரியானோ நம்புவதில்லை. “பிறகு எதற்கு வருகிறார்கள்?” என்று கேட்பார்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் என் வாத்தியத்தைப் பார்த்துக் கோட்டுவாத்தியமா என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கிதாரை மடியில் கிடத்தி, வலது கையால் தந்தியை மீட்டி, இடது கையிலிருக்கும் இரும்புத் துண்டைத் தந்திமேல் வழுக்கிக்கொண்டு போவதுதான் இந்த வாசிப்பு. இதை நான் கற்றது பொன்மலையில். அங்கே ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். பெர்சி என்று ஓர் ஆங்கிலோ-இந்தியர், எனக்குச் சம வயது, எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். டியூட்டி முடிந்து குளித்துவிட்டுக் காலனி வீட்டு வாசலில் உட்கார்ந்து, இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டு அதே மாதிரி வாசித்துப் பார்ப்பார். வேலை விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். “ஏ ரங்கா, கோயில் புளியோதரை கொண்டாந்தியா? அதைக் குடு, அப்பத்தான் அடுத்த பாட்டு” என்பார். என் வித்தை முழுக்கப் பெருமாள் பிரசாதத்துக்கு ஈடாக வந்தது. பெருமாளுக்கு இது தெரியும், அப்பாவுக்குத் தெரியாது.

தெரிந்தது, நான் வேலையை விட்டுவிட்டுப் பினாங்கு ஹோட்டலுக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றுதான். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “டான்ஸ் ஆடறவாளுக்கு வாசிக்கப் போறியா? போ. நான் தடுக்கப் போறதில்லே. ஆனா அந்தச் சத்தம் என் காதுல விழப்படாது. பாசுரம் கேட்ட காது இது” என்றார். சொன்னபடியே நடந்துகொண்டார். கிளம்பும் வரை நான் கிதாரின் உறையை அவிழ்த்தால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கொள்ளிடக்கரைக்குப் போய்விடுவார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட ஆசைதான் பெரிதாக இருந்தது. அப்பா ஒரே ஒரு தரம் நான் வாசிப்பதைக் கேட்க வேண்டும். மெச்ச வேண்டாம், கேட்டால் போதும். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது இந்த ஆசையையும் பெட்டியோடு சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இங்கே வந்த முதல் வாரமே ஒரு வேடிக்கை. ஒரு பாட்டில் மற்றவர்கள் தாளத்தை மட்டும் பிடித்துக்கொள்ள, நான் தனியாக வாசிக்க வேண்டும். ஓரடி வாசித்தேன். கை நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினேன், மறுபடி அதே இடத்தில் நின்றது. மரியானோ ஆங்கிலத்தில் கேட்டார், “என்ன, மறந்துபோச்சா?” “இல்லை சார். இது அவர்கள் முறை.” “யார் முறை?” நான் எதிரே கையைக் காட்டினேன். எதிரே ஒரு துரை வாயைத் திறந்து உருளைக்கிழங்கை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். மரியானோ அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு உடம்பில் ஏதோ கோளாறு என்றே அன்று நினைத்தாராம்.

கோளாறு இதுதான். மார்கழியில் எங்கள் தெருக் கோஷ்டி இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்து பாசுரம் சேவிக்கும். ஒரு வரிசை ஓரடியைச் சொல்லி நிறுத்தும், எதிர்வரிசை அடுத்த அடியை எடுக்கும். பேச்சு வந்த நாளிலிருந்து நான் அப்பா பக்கத்தில் அந்த வரிசையில் உட்கார்ந்தவன். எதிரே இருப்பவர்கள் முடிக்குமுன் வாயைத் திறந்தால் அப்பா தொடையில் கிள்ளுவார். அவர் முகம் சன்னிதியைப் பார்த்தபடியே இருக்கும், கை மட்டும் வேலை செய்யும். இப்போது அதே தொடையில் கிதாரைக் கிடத்திக்கொண்டு வாசிக்கிறேன். எதிர்வரிசைக்கு உரிய அடியையும் நானே விழுங்கிவிட எனக்கு எப்படி மனசு வரும்?

இதை அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கியபோது மரியானோ தலையைச் சொறிந்தார். அகஸ்டின் மட்டும் சிரித்துவிட்டார். மலாக்காவில் அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஒருவர் ஓரடி பாடினால் எதிரே நிற்பவர் உடனே பதில் பாட வேண்டுமாம். பதில் வராவிட்டால் பந்தல் முழுக்கக் கேலி செய்யுமாம். மறுநாள் நான் நின்ற இடத்தில் அவர் தன் கிதாரில் பதில் சொன்னார். துரைமார்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மரியானோவும் வழிக்கு வந்தார். தங்கள் ஊர் மாதா கோயிலில் பாதிரியார் ஓரடி சொன்னால் சபை அடுத்த அடி சொல்லும் என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்ததாம். அன்றிலிருந்து அந்தப் பாட்டு எங்கள் பாண்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது.

அதையே இசைத்தட்டாக்க ஒரு கம்பெனி எங்களைச் சிங்கப்பூருக்கு அழைத்தது. போன இடத்தில் அகஸ்டினுக்குக் காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை. “நிறுத்தாதே, பதிலையும் நீயே வாசித்துவிடு” என்று மரியானோ படித்துப் படித்துச் சொன்னார். நானும் சரி என்றேன். பதிவு செய்யும் மெழுகுத் தட்டு சுழலத் தொடங்கியதும் கை பழைய இடத்தில் நின்றுவிட்டது. தொடை நினைவு வைத்திருக்கிறதே, என்ன செய்ய! மெழுகில் வெட்டியது வெட்டியதுதான், திருத்த முடியாது. இன்னொன்று வெட்ட மனசில்லாமல் கம்பெனி அதையே இசைத்தட்டாக்கிவிட்டது. பாட்டில் மூன்று இடத்தில் என் கிதார் ஊமையாகிவிட, பின்னால் தாளம் மட்டும் டொக் டொக் என்று நடந்துபோகிறது. பினாங்கு திரும்பும்வரை மரியானோ என்னோடு பேசவில்லை.

போன வருஷம் லீவில் ஸ்ரீரங்கம் போனபோது அந்தத் தட்டைத் துணிமணிக்கு நடுவே பொதிந்து எடுத்துப்போனேன். எங்கள் அகத்தில் கிராமபோன் கிடையாது. பக்கத்து வீட்டு வக்கீலிடம் உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் யுத்தச் செய்தி படிக்க அப்பா தினமும் அங்கேதான் போய் உட்காருவார். என் தங்கை கோதை வக்கீலோடு சேர்ந்து சதி செய்தாள். “புதுசா ஒரு தட்டு வந்திருக்கு, ஸ்வாமி. போடலாமோ?” என்று வக்கீல் ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டார். வாசல்படியில் நின்ற என்னை அப்பா ஒருமுறை பார்த்தார். “உம்ம அகம், உம்ம மிஷின். நான் பேப்பர் படிச்சிண்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அடுத்தவர் வீட்டில் பாதியில் எழுந்து போவது மரியாதை இல்லை என்பது அவர் கொள்கை. கோதை அதை நம்பித்தான் இறங்கியிருந்தாள்.

ஊசி இறங்கியது. முதல் இடம் வந்தது. கிதார் நின்றது, தாளம் மட்டும் போயிற்று. பேப்பர் அசையவில்லை. இரண்டாவது இடத்தில் பேப்பர் மூக்கு வரை இறங்கியது. மூன்றாவது இடத்தில் ஒரு சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமுகிறார் என்று நினைத்தேன். இல்லை. அப்பா முனகினார். வார்த்தை இல்லை, வெறும் குரல். மார்கழி விடியலில் எதிர்வரிசைக்கு ஈடுகொடுக்கும் அதே குரல். நான் விட்ட இடத்தில் எடுத்து, நான் மறுபடி தொடங்கும் இடத்தில் சரியாகக் கொண்டுவந்து இறக்கினார். கோதை வாயைப் பொத்திக்கொண்டாள்.

தட்டு முடிந்ததும் அப்பா என்னைப் பார்த்தார். “உனக்கு எதிர்வரிசை யாருடா?”

“அகஸ்டின்னு ஒருத்தர்ப்பா. அன்னிக்கு ஜுரம், வரலை.”

“அதானே பார்த்தேன். ஆளே இல்லாத எடத்துல யாரைப் பார்த்துண்டுடா நின்னே?”

எனக்குக் கண் நிறைந்தது. அவர் அதைக் கவனிக்காதவர்போல் பேப்பரை மடித்து வைத்தார். “இன்னொரு தரம் போடு, கோதை. இவன் எங்கெங்க நிறுத்தறான்னு சரியாப் பார்க்கணும்” என்றார்.

நான் கிளம்பும் நாளில், திரும்பி வந்துவிடு என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் கப்பல் டிக்கெட்டைக் கிழித்திருப்பேனோ என்னவோ. அவர் சொன்னது, “தட்டை எடுத்துண்டு போயிடாதே” என்பது மட்டும்.

அகஸ்டின் அந்தக் காய்ச்சலிலிருந்து எப்போதோ தேறிவிட்டார். எல்லாப் பாட்டிலும் எனக்குப் பதில் சொல்கிறார். அந்த ஒரு பாட்டில் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஏன் என்றார். அந்த இடத்துக்கு ஆள் வந்தாயிற்று என்றேன். கல்யாணப் பந்தலில் வளர்ந்தவர், மேலே கேட்கவில்லை. நல்ல பாட்டைக் கெடுக்கிறேன் என்று மரியானோதான் முணுமுணுக்கிறார். யுத்தம் முற்றியபின் கப்பல் எப்போது போகும், போகுமா என்றே சொல்வதற்கில்லை. அடுத்த லீவு உண்டா என்பதும் தெரியாது. பக்கத்து வீட்டுக் கிராமபோனில் அப்பா அந்தத் தட்டைப் போடச் சொல்கிறாரா, இல்லை அது பேப்பர்க் கட்டுக்கு அடியில் கிடக்கிறதா, யாரும் எனக்கு எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. சாயங்காலம் மாலை கழுத்தில் விழுகிறது. அந்தப் பாட்டு வருகிறது. ஓரடி முடிந்ததும் இரும்புத் துண்டைத் தந்தியிலிருந்து தூக்குகிறேன். சாப்பிடுகிறவர்கள் நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறார்கள். திருப்பிக் கொடுக்கவேண்டிய மாலையோடு நான் கடல் பக்கம் பார்த்தபடி, அப்பா முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன்.